கதிராசிக்கு நாங்கள் வெட்டிக்கொடுத்த கிணறு

எங்கள் ஒழுங்கைச் சனத்தின் தாராள மனதைப் பற்றி யாராவது குறைவாகக் கதைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உரும்பிராய்க்கும் கோப்பாய்க்கும் நடுவில் இருபத்தெட்டு வீடுகள் உள்ள ஒழுங்கை அது. ஒரு வீட்டில் கலியாணம் என்றால் மற்ற இருபத்தேழு வீட்டுப் பெண்களும் அங்கேதான் தேங்காய் திருவிக்கொண்டிருப்பார்கள். ஒருவனுடைய புகையிலைக் கன்று பட்டுப்போனால் அடுத்தவன் தன் நாற்றுமேடையில் மிஞ்சியதைப் பிடுங்கிவந்து, கூடவே குனிந்து நின்று நட்டும் கொடுப்பான். மாடு கன்று போட்டால் கடும்புப்பால் எல்லா வீட்டுக்கும் போகும். இப்படிப்பட்ட ஊரில், எல்லாரையும்விட எங்களிடம் கூடுதலாக உதவி வாங்கிய ஒருத்தி, சாகும்வரை எங்களுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை என்று இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. அவள் பெயர் கதிராசி. அவளுக்கு நாங்கள் என்னென்ன செய்தோம் என்பது எனக்கு அச்சொட்டாகத் தெரியும். கூட நின்று செய்தவர்களில் சீவரத்தினம் என்கிற நானும் ஒருவன்.

கதிராசியும் புருஷன் வைரவனும் அருளம்பலத்தாரின் தோட்டத்துக் கூலிகள். அருளம்பலத்தார்தான் எங்கள் ஒழுங்கையில் பெரிய மனிதர். இருபது பரப்புப் புகையிலைத் தோட்டம், கல்வீடு, இரண்டு சோடி மாடு, எல்லாவற்றுக்கும் மேலே நல்ல மனம். அவருடைய தகப்பன் சாகுமுன் வைரவனுக்கு அரைப் பரப்புக் காணியை உறுதி முடித்தே கொடுத்திருந்தார். வெறும் கல்லுக்காணி, புல்லும் ஒழுங்காக முளைக்காது. என்றாலும் கொடுத்தது கொடுத்ததுதானே. அதில் அவர்கள் ஒரு ஓலைக் கொட்டில் போட்டிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. கொட்டிலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் எங்கள் கிணறு.

எங்கள் கிணறு என்றால் பத்து வீட்டுக்குப் பங்குள்ள கிணறு. அதில் கதிராசி கை வைக்கக்கூடாது. அவளுடைய சாதி அப்படி. இதை நாங்கள் உண்டாக்கவில்லை, நாங்கள் பிறக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லுவோம். அவள் குடத்தைக் கொண்டுவந்து, கிணற்றுக்கட்டிலிருந்து எட்டுப் பாகத் தூரம் தள்ளிக் கிடந்த ஒரு கல்லில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நிற்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது தண்ணீர் அள்ள வந்தால், தங்கள் குடம் நிறைந்த பிறகு அவளுக்கும் ஒரு வாளி ஊற்றுவார்கள். வாளி குடத்தில் முட்டக்கூடாது என்பதால் உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். பாதி உள்ளே போகும், பாதி நிலத்துக்குப் போகும். யாரும் வராவிட்டால் அவள் நின்றுகொண்டே இருப்பாள்.

புகையிலைக்கு இறைக்கிற நாளில் வைரவன் விடியற்காலையிலேயே அந்தக் கிணற்றுத் துலாவில் ஏறி மிதிப்பான். துலாவை அவன் காலால் மிதிக்கலாம், கயிற்றைக் கையால் பிடிக்கக்கூடாது. அதைப் பிடிக்கக் கீழே எங்களில் ஒருவன் நிற்பான். இறைத்த தண்ணீர் கதிராசி நிற்கிற இடத்தைக் கடந்து, அவளுடைய காலடியால் வாய்க்காலில் ஓடும். அதிலும் அவள் குடத்தை வைக்கக்கூடாது. அது புகையிலைக்குப் போகிற தண்ணீர்.

ஆனால் ஒன்று. தண்ணீர் இல்லை என்று அவளுக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்கள். அதிலும் பெரியவர்களின் திவசம் வந்தால் போதும், அவளுக்கு அன்றைக்குப் பெருநாள்தான். தாகத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் செத்தவருக்குப் புண்ணியம் என்று பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு ஊற்றுவார்கள். அருளம்பலத்தாரின் மனைவி நல்லம்மா அக்கா ஒருமுறை தன் மாமனாரின் திவசத்துக்கு ஒன்பது வாளி ஊற்றினாள். கதிராசியிடம் இருந்தது ஒரு குடம்.

"நாச்சியார், குடம் நிரம்பிட்டுது" என்றாள் கதிராசி.

"நிரம்பினால் என்னடி, மனம் குளிர ஊத்திறன். பிடி" என்று நல்லம்மா அக்கா ஊற்றினாள். அடுத்தநாள் மத்தியானம் வரை அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

முப்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம் வைரவன் காய்ச்சலில் விழுந்தான். அந்த வருஷம் எங்கும் காய்ச்சல். ஐந்தாம் நாள் புத்தூரில் எங்களுக்கு ஒரு கலியாணம். ஒழுங்கையே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. நானும் போனேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாப்பாடு. கொட்டிலில் முதல்நாள் வைத்திருந்த தண்ணீர் விடியவே முடிந்துவிட்டது. கதிராசி குடத்தைக் கல்லில் வைத்துவிட்டு நின்றாள். அவளுடைய தமையன் ஆழ்வான் அரைக் கட்டைக்கு, அரை மைலுக்கு, அப்பால் இருந்தான், அவன் வீட்டிலும் இதே பாடுதான். இடையிடையே கொட்டிலுக்கு ஓடிப்போய் வைரவனைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். அவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

வண்டிகள் பொழுதுபடத் திரும்பின. நல்லம்மா அக்கா வண்டியால் இறங்கிய கையோடு, உடுத்திருந்த கூறைநாட்டுச் சேலையைக்கூட மாற்றாமல், களைப்பையும் பாராமல் வந்து ஊற்றினாள். அதைக் குறை சொல்ல முடியாது. கதிராசி குடத்தோடு ஓடினாள். கொட்டிலுக்குள் அவள் போனபோது வைரவன் செத்துப்போயிருந்தான்.

யாரும் இல்லாத கிணறுதானே, ஒரு வாளி அள்ளியிருக்கலாமே என்று செத்தவீட்டில் ஒருவர் என்னிடம் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி அள்ளிய ஒருவனின் கையை நாங்கள் என்ன செய்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கவேண்டும்.

செத்தவீட்டுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. அருளம்பலத்தார் வெள்ளைச் சீலையும் அரிசியும் அனுப்பினார். பிரேதத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று ஆழ்வான் வந்து நின்றதும், மூன்று வீட்டு ஆம்பிளைகள் முறை வைத்து அள்ளினார்கள். அக்கம்பக்கத்துக் கொட்டில்களிலிருந்து குடம் எல்லாம் வந்தது, எல்லாம் நிறைந்தது. பதினாலு குடம். வைரவன் உயிரோடு இருந்த காலத்தில் அவன் வீட்டுக்கு அவ்வளவு தண்ணீர் ஒரே நாளில் போனதே இல்லை. கதிராசி வாசலில் வரிசையாக நின்ற அந்தக் குடங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் அழவில்லை என்று பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. அதற்கு அடுத்தநாள் காலை நான் தோட்டத்துக்குப் போகும்போது அவள் காணியின் கீழ்ப்பக்க மூலையில் மண்வெட்டியோடு நின்றாள்.

"என்னடி கதிராசி, மரவள்ளிக்கோ கிடங்கு?"

"இல்லை நயினார். கிணத்துக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உது கல்லுக்காணி எல்லே. ஒரு முழத்திலை கல்லு வரும்."

"ஓம் நயினார். வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் அருளம்பலத்தாரின் விறாந்தையில் கூட்டம். கிணறு வெட்ட விடக்கூடாது என்றுதான் முதலில் எல்லாரும் நின்றார்கள். இவளுக்குக் கிணறு வந்தால் நாளைக்கு ஆழ்வானும் கேட்பான், பிறகு தோட்டத்து வேலைக்கு எங்களை மதித்து ஆர் வருவான் என்று ஒருவர். தண்ணீர் ஊற்றுகிற புண்ணியத்தை எங்களுக்கு இல்லாமல் பண்ணப் பார்க்கிறாள் என்று இன்னொருவர். அவர் அதை உண்மையான கவலையோடுதான் சொன்னார். எல்லாரும் கதைத்து முடியும்வரை அருளம்பலத்தார் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"காணி அவளின்ரை" என்றார் கடைசியில். "வெட்டாதை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கலியாணத்துக்கு என்ரை வண்டியும்தான் போனது. ஒரு பொம்பிளை தனியக் கல்லோடை மாயிறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதும் எங்களுக்கு அழகில்லை. வெட்டட்டும். நாங்களும் கை குடுப்பம்."

அது சூது, முன்கூட்டியே யோசித்துச் செய்தது என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன். சூது இல்லை. சூதாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அடுத்தநாளே உதவி தொடங்கிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து கல்லைக் கிளப்ப இரண்டு அலவாங்கு, இன்னொரு வீட்டிலிருந்து சம்மட்டி. கல்லுக்கு வெடி வைக்கிற ஆளை அருளம்பலத்தார் தன் செலவில் கூட்டிவந்தார். ஆழ்வானும் அவர்களுடைய ஆட்களும் கிடங்குக்குள் இறங்கி உடைத்தார்கள். எங்கள் ஆட்கள் கரையில் பனை நிழலில் இருந்து யோசனை சொன்னார்கள். அதுவும் வேலைதான், நாள் முழுக்க யோசனை சொல்லிப் பார்த்தால் தெரியும். நான் என் மாட்டுவண்டியில் கல் ஏற்றிப்போய்க் கொட்டினேன். நல்லம்மா அக்கா மத்தியானம் தவறாமல் ஒரு பானை கஞ்சி அனுப்பினாள். கதிராசி உடைத்த கல்லைக் கடகத்தில் சுமந்து ஏணியால் மேலே வருவாள், கொட்டுவாள், இறங்குவாள். எட்டு மாதம். அவளுடைய உள்ளங்கைத் தோல் உரிந்து காய்த்து, பிறகு கல்லைப்போலவே ஆகிவிட்டது.

இருபத்தெட்டு அடியில் ஊற்று உடைத்தது. என்ன மாயமோ, அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு நல்ல தண்ணீர் கிடையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சவர்க்குணம், உப்புக்கரிப்பு, உண்டு, நாங்கள் அதற்குப் பழகியவர்கள். இது கற்கண்டு.

இவ்வளவு செய்துவிட்டுச் சும்மா விடுவோமா. நல்லநாள் பார்த்து ஐயரைக் கூட்டிவந்தோம். அவர் அந்தக் காணிக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார், அருளம்பலத்தார் காலில் விழாத குறையாகக் கேட்டு அழைத்துவந்தார். கும்பம் வைத்து, மஞ்சள் தெளித்து, தேங்காய் உடைத்து, குறையில்லாமல் பூசை நடந்தது. ஐயர் நிற்கிறார் என்பதால் கதிராசி வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டாள். முதல் வாளியை அருளம்பலத்தார் அள்ளினார். கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "அமிர்தம்" என்றார். பிறகு எல்லாரும் குடித்தோம். நான் இரண்டு தரம் குடித்தேன். ஐயர் போய், நாங்களும் போய், பொழுது சாய்ந்த பிறகுதான் கதிராசி அள்ளினாளாம். அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, பிறகும் அள்ளி, இருட்டும்வரை குளித்தாள் என்று ஆழ்வான் சொன்னான்.

மூன்று நாள் அது அவளுடைய கிணறாக இருந்தது.

நாலாம் நாள் நல்லம்மா அக்கா ஒரு குடத்தோடு வந்தாள். பூசையன்று கொண்டுபோன தண்ணீரில் பருப்பு அவித்துப் பார்த்தாளாம். "பூவாய் அவியுது" என்று கிணற்றடியில் சொன்னாள். அது போதும். அடுத்தநாள் ஆறு குடம், அதற்கு அடுத்தநாள் பன்னிரண்டு. பங்கு கேட்டு யாரும் வரவில்லை, குடிக்க ஒரு குடம் மட்டும்தான். வெட்டும்போது நாங்களும் நின்றோம்தானே. கதிராசியும் முகம் சுளிக்கவில்லை, வருகிறவர்களுக்கு வழி விட்டாள்.

"கதிராசி, நாங்கள் அள்ளிப்போட்டுப் போறம், அதுமட்டும் கொஞ்சம் தள்ளி நில்" என்று ஒருத்தி சொன்னாள். அதில் தப்பு எதுவும் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை, அவளும் தள்ளி நின்றாள்.

பிறகு கயிறு. அவள் பிடித்த கயிற்றை எப்படிப் பிடிப்பது? யாரும் சண்டை பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வீட்டார் சேர்ந்து புதுக்கயிறும் புது இரும்பு வாளியும் வாங்கிப் போட்டார்கள். விலை கூடின வாளி. அவளுடைய பழைய கயிற்றைச் சுருட்டிப் பக்குவமாக அவளுடைய கொட்டில் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். புது வாளி எங்கள் வாளி என்பதால் அதை அவள் தொட முடியாது. பழைய வாளியை அந்தக் கிணற்றுக்குள் விட்டால், நாங்கள் குடிக்கிற தண்ணீர். அப்புறம் எப்படி விடுவது?

இருபதாம் நாள் பார்த்தால் அவள் குடத்தோடு தன் கிணற்றடியில் நின்றாள், யாராவது வருவார்கள் என்று.

வெறும் நிலத்தில் குடம் சரிந்து விழுகிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு தட்டையான கல்லை நான்தான் தூக்கிவந்து வைத்துக் கொடுத்தேன். எட்டுப் பாகத்தில் இல்லை, நாலு பாகத்தில். கிட்ட இருந்தால் அவளுக்குச் சுகம் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அருளம்பலத்தார் ஒருநாள் அந்த வழியாக வந்தார். அவள் நிற்பதைக் கண்டதும் தானே வாளியை விட்டு அள்ளி அவளுடைய குடத்தை நிறைத்தார். அவ்வளவு பெரிய மனிதர், தன் கையால்.

"முந்தி எவ்வளவு தூரம் நடந்தாய் பிள்ளை. இப்ப வாசலிலை நிண்டால் காணும். நாங்கள் ஊத்தாமல் விடமாட்டம்" என்றார்.

"ஓம் நயினார்" என்றாள் கதிராசி.

அடுத்த கிழமை காணியின் மேல்பக்க மூலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டாவது கிணறு. எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அலவாங்கை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். அவள் நிமிர்ந்து என்னையும் அலவாங்கையும் பார்த்தாள்.

"நயினார், ஒண்டு கேக்கலாமே?"

"கேளன்."

"இந்தமுறை ஒருத்தரும் உதவிக்கு வரவேண்டாம். நீங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுவியளே?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன். அவள் தண்ணீர் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அருளம்பலத்தாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "நாங்கள் அவளுக்கு என்ன குறை வைச்சம் தம்பி?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், கண் கலங்கியிருந்தது. சொல்ல எனக்குப் பதில் இருந்தது. "தெரியேல்லை அண்ணை" என்றேன்.

அந்தக் கிணறு முடிய இரண்டு வருஷம் பிடித்தது. வெடி இல்லை, வண்டி இல்லை, பனை நிழலில் இருந்து யோசனை சொல்லவும் ஆள் இல்லை. ஆழ்வானும் அந்தப் பக்கத்துக் கொட்டில்காரரும் பகல் முழுக்க எங்கள் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, பொழுது இருக்கிற ஒரு மணித்தியாலம் வந்து உடைத்தார்கள். அவள் அவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். முப்பத்தொரு அடியில் தண்ணீர் வந்தது. நல்ல சவர். இரண்டு கிணற்றுக்கும் நடுவில் எட்டுப் பாகம்கூட இருக்காது, ஆனால் எங்கள் நிலத்தடி அப்படித்தான். விஷயம் கேள்விப்பட்டதும் ஊரில் எல்லாரும் பாவப்பட்டார்கள். எங்களைக் கேட்டிருந்தால் நல்ல இடமாகப் பார்த்துக் காட்டியிருப்போமே என்றார்கள். அதற்குப் பூசை வைக்க ஐயரை யாரும் கூப்பிடவில்லை. பருப்பு அவியாத தண்ணீருக்கு எங்கள் பெண்களும் குடம் கொண்டு போகவில்லை. கதிராசி அதைத்தான் குடித்தாள், அதில்தான் சமைத்தாள், நாற்பத்தாறாம் ஆண்டு சாகும்வரைக்கும். நல்ல தண்ணீர்க் கிணற்றின் பக்கம் அவள் பிறகு வரவே இல்லை. நன்றி கெட்டவள் என்ற பேச்சு அப்போது தொடங்கியதுதான்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது கிணறு முடிந்த அடுத்த வருஷம், பங்குனி வெயில். வண்டி மாட்டுக்குக் கால் நோ என்பதால் கோப்பாயிலிருந்து நடந்து வந்தேன். அவளுடைய வேலியடியில் வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் அள்ளிக்கொண்டிருந்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு, நிறைந்த வாளியோடு வேலியடிக்கு வந்தாள்.

"களைச்சுப்போனியள் நயினார். சவர்த் தண்ணிதான். தரட்டே?"

வாளியின் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். பிறகு ஒழுங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். ஒரு சனமும் இல்லை.

"வேண்டாம். வீடு கிட்டத்தானே" என்றேன்.

நான் ஒருவன் குடித்தால் நாளைக்கு நாலு பேர் குடம் கொண்டுவருவார்கள், அவளுடைய இந்தக் கிணறும் போய்விடும், அதனால்தான் குடிக்கவில்லை என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவளுடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க எனக்குப் பயம், அவ்வளவுதான். நான் நடக்கத் தொடங்கும்வரை அவள் வாளியோடு அங்கேயே நின்றாள். வீடு இன்னும் அரைக் கட்டை இருந்தது, போய்ச் சேரும்வரை தொண்டை வறண்டுதான் கிடந்தது.